சம்மதம் வாங்கும் பேச்சு: முதல்முறை மேடையேறுபவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

இது சொற்பொழிவாளர் ஆக ஆசைப்படுபவர்களுக்கான கட்டுரை இல்லை. ஏதோ ஒரு குழுவின் முன் ஏழெட்டு நிமிடம் நின்று, அவர்களிடமிருந்து ஒரு முடிவை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியவர்களுக்கானது. குரல்வளம், அடுக்குமொழி, கைவீச்சு பற்றியெல்லாம் இங்கே அதிகம் வராது. முதல்முறை பேசுபவர்கள் அவற்றால் தோற்பது அரிது. என்ன கேட்கிறோம் என்ற தெளிவில்லாமல் ஏறுவது, நேரத்தை மீறுவது, யாருக்கும் எழாத சந்தேகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது ஆகிய மூன்றும்தான் கவிழ்ப்பவை. மூன்றையும் மேடையேறும் முன்பே சரிசெய்துவிடலாம்.

விளக்க வசதிக்காக ஒரே உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்கு மூடும் ஒரு நூலகத்தை 8 மணி வரை திறந்து வைக்கும்படி அதன் நிர்வாகக் குழுவிடம் கேட்கப் போகிறீர்கள். அதில் வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

முதலில் காலக்கணக்கு. 7 நிமிடப் பேச்சுக்கு இரண்டு வாரமும், மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேர உழைப்பும் ஒதுக்குங்கள். அதில் ஐந்து மணி நேரம் சான்று தேடவும் ஆட்களை விசாரிக்கவும் போய்விடும். எழுதுவதற்கு இரண்டு மணி நேரம் போதும். மீதி முழுவதும் ஒத்திகைக்கு. பலர் பத்து மணி நேரம் எழுதித் திருத்திவிட்டு ஒரே ஒருமுறை மனதுக்குள் வாசித்துப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். பணச் செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. கைபேசியில் இருக்கும் ஒலிப்பதிவு வசதியும் சில பக்க அச்சும் போதும்.

1. கேட்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

"நூலகத்தின் அவசியம்" என்பது தலைப்பு. அதைக் கேட்டுவிட்டு யாரும் எதையும் செய்ய முடியாது, கைதட்டிவிட்டுப் போகலாம். உங்கள் கோரிக்கையில் யார், என்ன, எப்போதிலிருந்து, எவ்வளவு என்ற நான்கும் இருக்க வேண்டும்:

"வரும் மாதம் 1ஆம் தேதி முதல் மூன்று மாதங்களுக்கு, வார நாட்களில் நூலகத்தை இரவு 8 மணி வரை திறந்து வைக்க இந்தக் குழு இன்று ஒப்புதல் தர வேண்டும்."

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது "கிடைத்தது" அல்லது "கிடைக்கவில்லை" என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிந்தால் கோரிக்கை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். "ஓரளவு நல்ல வரவேற்பு இருந்தது" என்று சொல்ல வேண்டிவந்தால் கோரிக்கை மங்கலாக இருந்திருக்கிறது.

"மூன்று மாதங்களுக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். நிரந்தர மாற்றத்துக்குத் தயங்கும் குழுகூட சோதனை முயற்சிக்குத் தலையாட்டும், ஏனென்றால் தவறாகிப்போனால் பின்வாங்க வழி இருக்கிறது. திரும்பப் பெறக்கூடிய, காலவரையறை உள்ள கோரிக்கையாக முடிந்தவரை சுருக்குங்கள்.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவர்களிடம் முடிவைக் கேட்பது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பரிந்துரை மட்டும் செய்யக்கூடியவர்கள் என்றால், ஒப்புதலுக்குப் பதிலாகப் பரிந்துரையைக் கேளுங்கள். இரண்டாவது, வந்ததுதான் வந்தோம் என்று கூடவே "இருக்கைகளையும் மாற்ற வேண்டும்" என்று இன்னொன்றைச் செருகுவது. குழு எளிதான இருக்கையைக் கொடுத்துவிட்டு மற்றதை ஒத்திவைக்கும்.

2. அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே, தொலைபேசியில் பேசினாலும் அதை உறுதிப்படுத்தி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதில் கேட்க வேண்டியவை:

- எனக்கு எத்தனை நிமிடம்? கேள்வி நேரம் அதற்குள் அடக்கமா, தனியா?
- நிகழ்ச்சி நிரலில் எத்தனையாவது? எனக்கு முன்னால் பேசுபவர் யார், எதைப் பற்றி?
- முடிவு அன்றே எடுக்கப்படுமா? வாக்கெடுப்பா, ஒருமித்த கருத்தா?
- தீர்மான வாசகத்தை முன்கூட்டியே தர வேண்டுமா? எத்தனை நாள் முன்னால்?
- எந்த மைக்? திரை, கணினி உண்டா? அறையில் எத்தனை பேர்?

நான்காவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நிரலில் எழுத்தில் இல்லாத எதன் மீதும் வாக்கெடுக்க முடியாது என்ற விதி பல அமைப்புகளில் உண்டு. அப்படியொரு விதி இருப்பதை மேடையில் நின்றுகொண்டு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

3. கேட்பவர்களை மூன்றாகப் பிரியுங்கள்

ஏற்கெனவே உடன்படுபவர்கள், அக்கறை இல்லாதவர்கள், எதிர்ப்பவர்கள். எல்லா அவையிலும் மூவரும் இருப்பார்கள். எந்தப் பிரிவு பெரியது என்பதைப் பொறுத்துத்தான் பேச்சின் வரிசை அமையும்.

உடன்படுபவர்கள் அதிகம் என்றால் கோரிக்கையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டு, மீதி நேரத்தை நடைமுறைக்குச் செலவிடுங்கள். அவர்களிடம் போய் நூலகத்தின் பெருமையை விளக்குவது நேர விரயம். அக்கறை இல்லாதவர்கள் அதிகம் என்றால் "இதில் எனக்கு என்ன?" என்பதற்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பதில் வர வேண்டும். எதிர்ப்பவர்கள் அதிகம் என்றால் கோரிக்கையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இரு தரப்பும் மறுக்காத ஒன்றிலிருந்து ஆரம்பித்து, பிரச்சினையை நிறுவி, அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் கேட்டால், நீங்கள் பேசும் ஆறு நிமிடமும் அவர்கள் மறுப்பைத் தயாரித்துக்கொண்டிருப்பார்கள்.

இதை ஊகித்து எழுதாதீர்கள். குழு உறுப்பினர்களில் இரண்டு மூன்று பேரிடம், முக்கியமாக எதிர்க்கக்கூடியவரிடம், முன்கூட்டியே பேசுங்கள். "இதில் உங்களுக்கு எது உறுத்துகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே வாதாட வேண்டாம். நேரடியாகச் சொன்னால், பாதி வேலை இந்த உரையாடல்களில்தான் நடக்கிறது.

4. சான்றுகளைச் சேருங்கள்

இருப்பது இருக்கட்டும் என்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மாற்றம் கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கொஞ்சம் அநியாயமாகத் தோன்றினாலும் எல்லா அவையிலும் இதுதான் நடைமுறை. ஆகவே இந்த ஐந்துக்கும் உங்களிடம் பதில் இருந்தாக வேண்டும்:

- பிரச்சினை உண்மையிலேயே இருக்கிறதா?
- கவலைப்படும் அளவுக்குப் பெரிதா?
- சும்மா விட்டால் தானாகவே ஏன் சரியாகாது?
- நீங்கள் சொல்லும் வழி அதைச் சரிசெய்யுமா?
- அதனால் வரும் செலவு, தொல்லை என்ன? அதை யார் சுமப்பது?

முதல் இரண்டுக்கு மட்டும் ஆறு நிமிடம் செலவழித்துவிட்டு, ஐந்தாவதைக் கேள்வி நேரத்தில் யாராவது கேட்கும்போது விழிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. குழுவில் உட்கார்ந்திருப்பவர் முதலில் நினைப்பது ஐந்தாவதைத்தான். கூடுதல் இரண்டு மணி நேரத்துக்கு யார் பணியில் இருப்பார், மின்கட்டணம் எவ்வளவு கூடும், கதவைப் பூட்டுவது யார் பொறுப்பு என்பதை நீங்களே விசாரித்துக் கணக்காகக் கொண்டுபோங்கள்.

எண்களைக் கையாள ஒரு வழி உண்டு. "20 நாட்களில் 460 பேர் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள்" என்பது சரியான எண்தான், ஆனால் மனதில் நிற்காது. "நாளொன்றுக்கு 23 பேர், இந்த அறையில் முன் இரண்டு வரிசை" என்றால் நிற்கும். ஒரு வாதத்துக்கு ஓர் எண்ணுக்கு மேல் வேண்டாம். "இரு மடங்கு கூடியது" என்று சொன்னால் எதிலிருந்து எதற்கு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 2 பேர் 4 பேரானதும் இரு மடங்குதான், அதைக் கூட்டத்தில் யாராவது கண்டுபிடித்துவிட்டால் மற்ற எண்களும் சேர்ந்து அடிபடும்.

எண்ணுக்குத் துணையாக ஒரு மனிதரைக் கொண்டு வாருங்கள். பணி முடிந்து 6.10க்கு வந்து சேரும் ஒரு வாசகர் போதும். எண் மட்டும் இருந்தால் அறிக்கை வாசித்ததுபோல் ஆகிவிடும், ஆள் மட்டும் இருந்தால் "அது ஒருவர் கதை" என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஆள் உண்மையானவராக இருக்க வேண்டும், அவரிடம் முன்கூட்டியே அனுமதியும் பெற்றிருக்க வேண்டும்.

அச்சமூட்டும் சான்றில் எச்சரிக்கை தேவை. "இப்படியே போனால் நூலகமே மூடப்படும்" என்று பயமுறுத்திவிட்டு, அதைத் தடுக்கக் கேட்பவரால் முடிந்த ஒரு காரியத்தை உடனே காட்டாவிட்டால், அவர் காதைப் பொத்திக்கொள்வார். பயமும் வழியும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வரட்டும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தாள்கள்: நீங்கள் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் மூலத்தின் ஒரு நகல், அதில் அந்த வரி மட்டும் அடிக்கோடிட்டு, செலவுக் கணக்கு ஒரு பக்கம், தீர்மான வாசகம் தனித்தாளில், மூன்று பிரதி. மேடையில் சொல்லும்போது "ஆய்வுகள் சொல்கின்றன" என்று பொதுவாகச் சொல்லாமல், யார், எப்போது சொன்னது என்று ஒரு சொற்றொடரில் சேர்த்துவிடுங்கள்.

5. நிமிடக் கணக்கில் சட்டகம் போடுங்கள்

உங்களுக்கு 7 நிமிடம் கொடுத்திருந்தால் 6 நிமிடத்துக்கு எழுதுங்கள். இடைநிறுத்தம், சிரிப்பு, மைக் தகராறு எல்லாம் சேர்ந்து மீதி ஒரு நிமிடத்தைத் தின்றுவிடும். தயங்கும் அவைக்கான பகிர்வு ஏறத்தாழ இப்படி:

0:00 முதல் 0:40 வரை: அந்த ஒரு வாசகர், மூடிய கதவு.
0:40 முதல் 2:00 வரை: பிரச்சினை எவ்வளவு பெரிது, ஏன் தானாகத் தீராது.
2:00 முதல் 3:15 வரை: தீர்வு, நடைமுறையில் எப்படி நடக்கும்.
3:15 முதல் 4:45 வரை: பெரிய எதிர்வாதம், அதற்குப் பதில், செலவுக் கணக்கு.
4:45 முதல் 5:30 வரை: மூன்று மாதம் கழித்து நிலைமை எப்படி இருக்கும்.
5:30 முதல் 6:00 வரை: கோரிக்கை, எழுதிய அதே சொற்களில்.

எதிர்வாதத்துக்கு ஒன்றரை நிமிடம் கொடுத்திருப்பது பலருக்கு அதிகமாகத் தோன்றும். குறைக்காதீர்கள். உங்களுக்கு எதிரான வலுவான வாதத்தை நீங்களே எடுத்துச் சொல்லி அதற்குப் பதிலும் கொடுத்தால் நம்பகம் கூடும். ஆனால் சொல்லிவிட்டுப் பதிலை அரைகுறையாக விட்டால், அதைச் சொல்லாமலே இருந்ததைவிட நிலைமை மோசமாகும். எதிராளிக்கு வாதத்தை எடுத்துக்கொடுத்ததுதான் மிச்சம். அதனால் மூன்று எதிர்வாதங்களைத் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை எடுத்து முழுவதுமாக முடியுங்கள். எந்த ஒன்று என்பது மூன்றாம் படியில் குறித்து வைத்த தாளில் இருக்கும். அவர் சொன்ன சொற்களிலேயே அதைச் சொல்லுங்கள். "நம் வாதத்தைச் சரியாகச் சொன்னானே" என்று அவர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போதே இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள்: நேரத்தைக் குறைத்தால் எதை வெட்டுவது? முன்னால் பேசியவர்கள் இழுத்துவிட்டு, "நீங்கள் நான்கு நிமிடத்தில் முடித்துவிடுங்களேன்" என்று உங்களிடம் சொல்வது சாதாரணமாக நடப்பது. மேலே உள்ளதில் 4:45 பகுதியை முழுவதுமாகவும், பிரச்சினை, தீர்வு இரண்டு பகுதிகளிலும் பாதியையும் எடுத்துவிடலாம். தொடக்கம், எதிர்வாதம், கோரிக்கை மூன்றும் தொடக்கூடாதவை. வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

6. காதுக்கு எழுதுங்கள்

தமிழில் நிதானமாக மேடையில் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முதல் 110 சொற்கள் போகும். விகுதிகள் ஒட்டி நம் சொற்கள் நீளமாக இருப்பதால், ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லப்படும் 130, 150 கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் நேரம் மீறும். ஒரு பக்கத்தை உரக்க வாசித்து உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். 6 நிமிடத்துக்கு 550 முதல் 600 சொற்கள் பாதுகாப்பு.

தாளில் அழகாக இருக்கும் வாக்கியம் காதில் விழும்போது உடைந்துபோகும். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. முப்பது சொல் வாக்கியத்தில், நடந்ததா நடக்கவில்லையா என்று தெரிந்துகொள்ளக் கேட்பவர் கடைசி வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வாசிப்பவர் பின்னால் போய்ப் பார்க்கலாம், கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.

"நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்" என்பதுபோன்ற செயப்பாட்டு வாக்கியங்கள் வற்புறுத்தும் பேச்சுக்கு நஞ்சு. யார் எடுக்க வேண்டும் என்பது அதில் இல்லை, அதனால் யாரும் எடுக்கமாட்டார்கள். "இந்தக் குழு எடுக்க வேண்டும்" என்று எழுதுங்கள். "நாங்கள்" வருகிற இடங்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். "நாங்கள் கேட்கிறோம்" என்றதுமே கேட்பவர் எதிர்த்தரப்பு ஆகிவிடுகிறார். உண்மையிலேயே உங்கள் தரப்பை மட்டும் குறிக்காத இடங்களில் எல்லாம் "நாம்" போடுங்கள்.

முதல் வாக்கியத்தில் மன்னிப்பு வேண்டாம் ("எனக்குப் பேசிப் பழக்கமில்லை"), நீண்ட நன்றிப் பட்டியலும் வேண்டாம். தலைவருக்கும் அவைக்கும் ஒரு வரி வணக்கம், அவ்வளவுதான். கூட்டம் முழுமையாகக் கவனிக்கும் நேரம் அந்த முதல் அரை நிமிடம். அதை நன்றிக்குச் செலவழித்தால் திரும்பக் கிடைக்காது.

7. குறிப்புத் தாள்

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடத்தில் ஒரு சொல் நழுவினால் அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் போய்விடும். முழுவதையும் பார்த்து வாசிக்கவும் வேண்டாம், கண் தாளிலேயே ஒட்டிக்கொள்ளும். முதல் நான்கு வாக்கியமும் கடைசி மூன்று வாக்கியமும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம். படபடப்பு உச்சத்தில் இருப்பது மேடையேறும் முன்பும் முதல் ஒரு நிமிடத்திலும்தான். அந்த நேரத்தை மனப்பாடம் கடத்திவிடும். பிறகு தானாகவே தணியும். நடுப்பகுதிக்குக் குறிப்புச் சொற்கள் போதும்.

கெட்டியான அட்டைகளாக இருக்கட்டும். மெல்லிய தாள் கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும், சத்தமும் போடும். எழுத்து 18 புள்ளி அளவில், ஒரு பக்கம் மட்டும், அட்டையின் மேல் பாதியில். கீழ்ப் பாதியில் எழுதினால் தலை குனிய வேண்டிவரும். ஒவ்வொன்றிலும் எண் போடுங்கள், பின் அடித்து இணைக்காதீர்கள். ஓரத்தில் அதுவரை ஆகியிருக்க வேண்டிய நேரத்தைச் சிவப்பில் குறித்துக்கொண்டால், மூன்றாவது அட்டையைப் புரட்டும்போதே பிந்திவிட்டோமா என்று தெரியும். வெட்ட வேண்டிய பகுதியின் அட்டைக்கு வேறு நிறம்.

8. ஒத்திகை

மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. நின்றுகொண்டு, முழுக் குரலில், கடிகாரம் வைத்து. குறைந்தது ஆறு முறை, நான்கு நாட்களில் பரவலாக. ஒரே நாளில் ஆறு முறை சொன்னால் தொண்டைதான் கெடும்.

முதல் இரண்டு முறை நேரத்தை மட்டும் பாருங்கள். அடுத்த இரண்டை ஒலிப்பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். கேட்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம் வாக்கியத்தின் வால். மூச்சு தீரும்போது குரல் இறங்கி, "முடியும்", "முடியாது", "இல்லை" ஆகிய கடைசிச் சொற்கள் அமுங்கிப்போகும். நம் மொழியில் பொருள் முழுவதும் தொங்குவது அந்தக் கடைசிச் சொல்லில்தான். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதே பின்வரிசைக்குத் தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் வேண்டுமென்றே சற்று அழுத்திச் சொல்லிப் பழகுங்கள். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பேச்சின் தெளிவு வெகுவாகக் கூடும்.

இரண்டாவது, "வந்து", "அதாவது", "என்னன்னா", "ஆக்சுவலா" எண்ணிக்கை. இவற்றை அடக்க முயல வேண்டாம், வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு மௌனமாக இருங்கள். மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். கேட்பவருக்கு இரண்டு வினாடி ஒன்றுமே இல்லை.

கடைசி இரண்டு ஒத்திகைக்கு ஓர் ஆளை உட்கார வையுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, "நான் என்ன கேட்டேன்? யார், எப்போது செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் குறை அவரிடம் இல்லை.

ஆள் கிடைக்காதவர்களுக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பேச்சுப் பயிற்சி மன்றங்கள் உதவும். அங்கே வழக்கமான 5 முதல் 7 நிமிடப் பேச்சுக்கு 5இல் பச்சை, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு என்று விளக்குக் காட்டுவார்கள். இடைச்சொற்களை எண்ணிச் சொல்லவும் ஒருவர் இருப்பார். நேரக்கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல பயிற்சி குறைவு. ஆனால் அங்கே கைதட்டு வாங்கும் பாணிக்கும், சந்தேகத்தோடு பார்க்கும் குழுவிடம் ஒப்புதல் வாங்கும் பாணிக்கும் வித்தியாசம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

9. ஸ்லைடு வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வேண்டும் என்றால் மூன்றுக்குள். ஒன்றில் ஒரு படமோ ஓர் எண்ணோ மட்டும், எழுத்து 28 புள்ளிக்குக் குறையாமல். தமிழ் எழுத்துரு அங்குள்ள கணினியில் இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகவோ வேறு எழுத்துருவிலோ வரும், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வரும். பிடிஎஃப் ஆகவும் சேமித்துக் கொண்டுபோங்கள். பவர்பாயிண்டில் பேச்சுக்கு நடுவே விசைப்பலகையில் ஆங்கில 'B' எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும், கண்கள் உங்களிடம் திரும்பும். கோரிக்கையைச் சொல்லும்போது இதைச் செய்யுங்கள். துண்டுப் பிரசுரம் இருந்தால் முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால் நீங்கள் பேசும்போது எல்லோரும் குனிந்து படிப்பார்கள்.

10. அன்றைய நாள்: அறை, மைக், மூச்சு

45 நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். மேடையில் நிற்கும் இடத்திலிருந்து அறையைப் பாருங்கள், பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பாருங்கள். தண்ணீர் எங்கே வைக்கலாம், கடிகாரம் தெரிகிறதா, விளக்கு கண்ணில் அடிக்கிறதா என்று கவனியுங்கள்.

மைக்கைக் கூட்டம் சேரும் முன் சோதிக்க வேண்டும். "ஹலோ, ஒன்று, இரண்டு" என்று சொல்வதைவிட உங்கள் முதல் இரண்டு வாக்கியத்தை மேடையில் பேசப்போகும் அதே குரலில் சொல்வது பயனுள்ளது, ஒலி அமைப்பவர் அதற்கேற்ப வைப்பார். தட்டுவதும் ஊதுவதும் வேண்டாம். கையில் பிடிக்கும் மைக் என்றால் வாயிலிருந்து மூன்று நான்கு விரல் இடைவெளி, மேசையில் வளைந்து நிற்கும் மைக் என்றால் ஒரு சாண். தலையைத் திருப்பும்போது கை மைக்கும் சேர்ந்து திரும்ப வேண்டும். வலைத்தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிக்காதீர்கள், ஊளைச் சத்தம் வரும். ஒலிபெருக்கிக்கு முன்னால் நடந்துபோனாலும் அதேதான். "ப" வரும் சொற்களில் காற்று இடித்து "டப்" என்று கேட்டால், மைக்கை உதட்டுக்கு நேராகப் பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டையில் மாட்டும் மைக் என்றால் சங்கிலி, கழுத்துப் பட்டை உரசாத இடம் பாருங்கள், பேசி முடித்ததும் அணைக்க மறக்காதீர்கள்.

உங்கள் முறைக்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் பேச்சைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இரண்டு நிமிடம் போதும். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம்.

இணையவழிக் கூட்டம் என்றால் கேமரா கண்மட்டத்தில், வெளிச்சம் முகத்துக்கு முன்னால், காதில் கம்பியுள்ள ஹெட்செட். திரையில் தெரியும் முகங்களைப் பார்த்துப் பேசினால் அவர்களுக்கு நீங்கள் குனிந்திருப்பதுபோல் தெரியும். கோரிக்கையைச் சொல்லும் நேரத்திலாவது லென்ஸைப் பாருங்கள்.

11. பேசும்போது

மேடைக்குப் போய், நின்று, இரண்டு வினாடி மௌனம். பிறகு ஆரம்பியுங்கள். நடந்துகொண்டே பேச ஆரம்பிப்பவரின் முதல் வாக்கியம் யாருக்கும் கேட்பதில்லை.

ஒரு முழு வாக்கியத்தை ஒரே ஆளைப் பார்த்துச் சொல்லி முடியுங்கள், அடுத்ததை அறையின் வேறு பகுதியில் இன்னொருவரிடம். தலையாட்டும் நட்பு முகம் ஒன்று கிடைத்தால் அதிலேயே ஒட்டிக்கொள்ளத் தோன்றும். முடிவெடுப்பவர் அவராக இல்லாவிட்டால் அந்த நேரம் வீண்.

ஒரு வரி மறந்துவிட்டால் முந்தைய வாக்கியத்தை வேறு சொற்களில் திரும்பச் சொல்லிக்கொண்டே அட்டையைப் பாருங்கள். விட்டுப்போனதைப் பிறகு நினைவுக்கு வந்தாலும் செருக வேண்டாம், அது விட்டுப்போனது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கோரிக்கைக்கு முன் ஒரு முழு மூச்சு நிறுத்தம். சொல்லுங்கள். பிறகு நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால், நடந்த வேலை முழுவதையும் நீங்களே கலைக்கிறீர்கள்.

12. கேள்வி நேரம்

வரக்கூடிய கேள்விகளில் உங்களுக்கு மிகவும் பிடிக்காத பத்தை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 40 வினாடிப் பதில் தயாரித்திருக்க வேண்டும். அதில் ஏழு கட்டாயம் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்த கேள்விக்கு அந்தப் பத்தில் ஒன்றின் பதில் கொஞ்சம் மாற்றினால் பொருந்தும்.

கேள்வியை அறை முழுவதும் கேட்கும்படி சுருக்கித் திரும்பச் சொல்லுங்கள். யோசிக்கவும் நேரம் கிடைக்கும். ஆனால் கேள்வியில் இருக்கும் குத்தலைத் திரும்பச் சொல்லாதீர்கள். "எதற்கு இந்த வீண் செலவு?" என்று ஒருவர் கேட்டால், "செலவு எவ்வளவு, அதற்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போங்கள். "இது வீண் செலவு இல்லை" என்று ஆரம்பித்தால் அந்தச் சொல்லை மறுபடி அறையில் ஒலிக்கவிட்டவர் நீங்கள்தான்.

தெரியாததற்கு: "இந்த விவரம் இப்போது என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்புகிறேன்." நாளைக் குறிப்பிட்டுச் சொல்லி, அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். குத்துமதிப்பாக ஓர் எண்ணைச் சொல்வது மிகப் பெரிய பொறி, அது நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் உங்கள் பெயரோடு ஏறிவிடும்.

கடைசிக் கேள்வி பெரும்பாலும் சம்பந்தமில்லாததாக இருக்கும். கூட்டம் அதோடு கலைந்தால் அதுதான் நினைவில் நிற்கும். ஆகவே "முடிக்கும் முன் இருபது வினாடி" என்று தலைவரிடம் கேட்டு, கோரிக்கையை இன்னொருமுறை அதே சொற்களில் சொல்லி, தீர்மானத் தாளை அவர் கையில் கொடுங்கள்.

13. அடுத்த 24 மணி நேரம்

ஒப்புதல் கிடைத்திருந்தால் தீர்மான வாசகம், தொடங்கும் தேதி, பொறுப்பாளர் பெயர் மூன்றையும் எழுதித் தலைவருக்கும் செயலாளருக்கும் அன்றே அனுப்புங்கள். குறிப்பேடு எழுதுபவர் வேறு மாதிரி எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்தில் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டிவரும். எழுதித் தருவதாகச் சொன்ன விவரங்களைச் சொன்ன நாளுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

"பரிசீலிக்கிறோம்" என்று முடித்திருந்தால், எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில், இன்னும் என்ன விவரம் தேவைப்படுகிறது என்று கேட்டு ஒரு மின்னஞ்சல். மறுத்திருந்தால் எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவரிடம் இரண்டு நாள் கழித்து, "எது மாறியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொண்டு, கோரிக்கையை அதற்கேற்பச் சுருக்கி, முதல் படியிலிருந்து மறுபடி எழுதுங்கள். இரண்டாம் முறை எழுத அரை மணி நேரம்கூட ஆகாது.